ஆடிக்கு முன் ஒரு வீடு

பட்டணத்துத் துறைமுகத்தில் இறங்கியதும் எனக்குத் தோன்றிய முதல் எண்ணம், இந்த ஊரில் துணி உலர்த்துவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பதுதான். ரங்கூனில் கப்பலேறிய அன்று மழை கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. குழந்தையின் துணிகள் ஈரத்தோடேயே மூட்டைக்குள் போயின. இங்கே சுங்கச் சாவடிக்கு வெளியே பெட்டியின்மேல் அவற்றை விரித்துப் போட்டேன். கூலிக்காரன் மற்றப் பெட்டிகளைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எல்லாம் அப்பளமாகக் காய்ந்து கிடந்தன. ஆனி மாதத்து வெயில்! எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே, இந்த வெயிலில் குழந்தைக்கு உடம்பு என்னாகுமோ என்று பயமும் வந்தது. சிரிப்பும் பயமும் ஒன்றாக வருவது எனக்கு வழக்கம்.

வீடு பார்க்கத்தான் வந்திருந்தேன். என் கணவருக்கு ரங்கூன் ஆபீசிலிருந்து பட்டணத்துக்கு மாற்றல் ஆகியிருந்தது. பொறுப்பை ஒப்படைத்துவிட்டு அடுத்த மாதம்தான் அவர் வர முடியும். எதிர்வீட்டு டாக்டர் குடும்பத்தார் தாய்நாடு திரும்புகிறார்கள் என்று தெரிந்ததும், "நீ ராஜியைத் தூக்கிண்டு அவாளோட முன்னாடி போ. அக்கா இருக்கா. ஆடி பிறக்கறதுக்குள்ளே ஓர் ஆத்தைப் பிடிச்சுடு" என்று அனுப்பிவிட்டார்.

ஆடியில் யாரும் புதுக் குடி போகமாட்டார்கள். அதற்குள் வீடு அமையாவிட்டால் நானும் குழந்தையும் கும்பகோணத்துக்கு மாமியாரிடம் போக வேண்டும். என் கணவர் பட்டணத்தில் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டு தனியே இருக்க வேண்டும். ஆவணியில் திரும்பிவிடலாம் என்று பேச்சு. ஆனால் என் மாமியார் பேத்தியை ஒருமுறை மடியில் வாங்கினால் தீபாவளிக்கு முன் இறக்கிவிடமாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் பள்ளிக்கூடம் முடித்தவள், இங்கிலீஷில் விலாசம் எழுதத் தெரிந்தவள். இருந்தாலும் இதுவரை ஒரு புடவையைக்கூட ஒருவரைக் கேட்காமல் எடுத்ததில்லை. நான் எப்படி ஒரு வீட்டை எடுப்பது?

அக்கா என்று அவர் சொன்னது என் பெரிய நாத்தனாரை. ஆழ்வார்பேட்டையில் அவர்களுடையது இரண்டே அறை கொண்ட வீடு. அவர் பெண் பிரசவத்துக்கு ஆடியில் வரப்போகிறாள். "உன்னைப் போகச் சொல்லலைடி, கமலா. ஆனா தொட்டில் எங்கே கட்டறது, நீயே சொல்லு" என்று வந்த அன்றே அக்கா கைவிரித்துவிட்டார். அப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு டம்ளர் காப்பியை நீட்டினார். ரங்கூனில் டின் பாலில் கலந்த காப்பிக்கு நாக்கைப் பழக்கியிருந்தேன். இங்கே மாடே வாசலுக்கு வந்து, நம் பாத்திரத்தில், நம் கண்ணெதிரே பால் கொடுத்துவிட்டுப் போகிறது! அந்த ஒரு டம்ளர் காப்பிக்காகவே இந்த ஊரில் குடியிருக்கலாம் என்று நினைத்தேன்.

மறுநாளே கிளம்பிவிட்டோம். அக்கா ஒரு ஜட்காவைத் தினப்படிக்குப் பேசியிருந்தார். வண்டிக்காரர் ஒரு சாயபு. நரைத்த தாடி, நரைத்த குதிரை. முதலில் போனது தியாகராய நகர். ஏரியைத் தூர்த்து எழுப்பிய புது ஊர். அகலமான தெருக்கள், தெருவுக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு மின்சார விளக்கு. நடுவில் வெறும் பொட்டல். ரங்கூனில் ஒரு தெருவில் நின்றால் தலைக்குமேல் நாலு மாடியிலும் மனிதர்கள். மேலேயிருந்து கயிற்றில் கூடையை இறக்கிக் காய்கறி வாங்குவோம். இங்கே கூடையை இறக்கினால் அதில் போட ஆள் இல்லை.

நாங்கள் பார்க்கப் போன வீட்டில் சுண்ணாம்பு வாடை மூக்கைத் துளைத்தது. காவல்காரர் கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து வந்தார்.

"இன்னாமா, வூடு பாக்க வந்தியா? நல்லாப் பாரு. நரி கீது, பாம்பு கீது, நான் ஒண்ணும் ஒளிக்கமாட்டேன். ஆனா காத்து கீது பாரு, அது மைலாப்பூர்ல துட்டு குட்த்தாலும் கெடைக்காது."

"தண்ணி?" என்றார் அக்கா.

"அது மட்டும் இல்ல. கெணறு வெட்டிக்கினு கீறாங்கோ. ஆவணிக்கு வாயேன்."

எனக்கு அந்த வீடு மிகவும் பிடித்துப்போயிற்று! பளபளவென்ற தரை, சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம். ஆனால் ஆவணி வரை காத்திருக்க முடியாதே. திரும்பும்போது சாயபு எதிரே வந்த இன்னொரு வண்டிக்காரரிடம் உருதுவில் சொன்னார்: "இந்தப் பெண்ணுக்கு வீடு வேண்டுமாம். காலையிலிருந்து சுவரைத் தட்டிப் பார்க்கிறாள், சன்னலை எண்ணுகிறாள், கிணற்றுக் குழியை எட்டிப் பார்க்கிறாள். கோட்டையை விலைக்கு வாங்குகிறவனுக்குக்கூட இவ்வளவு யோசனை இருக்காது." ரங்கூன் கடைத்தெருவில் இந்துஸ்தானி பேசித்தான் புளி வாங்கியிருக்கிறேன். "கோட்டையில் தண்ணீர் வருமென்றால் அதையும் காட்டுங்கள்" என்று அதே பாஷையில் சொன்னேன். அவர் கடிவாளத்தையே விட்டுவிட்டார். "அல்லா! அம்மாவுக்குப் புரியுதா!" அன்று முழுவதும் குதிரையிடம்கூட அவர் தமிழில்தான் பேசினார்.

அடுத்த நாள் அடையாறு. அவ்வளவு தூரத்துக்குக் குதிரை வராது என்று சாயபு சொல்லிவிட்டதால் பஸ்ஸில் போனோம். பாலத்தின் நடுவில் வந்ததும் பஸ் ஒரு தும்மல் தும்மி நின்றுவிட்டது. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும் என்றார் கண்டக்டர். பெண்களும் இறங்கிக்கொண்டால் பாரம் குறையும் என்றார். நான் குழந்தையோடு இறங்கினேன். அக்கா அசையவில்லை. "நான் டிக்கெட் வாங்கினது உக்காந்து போறதுக்கு" என்றார். அவரையும் சேர்த்துத்தான் தள்ளினார்கள்.

பாலத்தில் நிழல் என்று ஓர் அடி இல்லை. ராஜியின் முகம் தக்காளியாகிவிட்டது. தலைப்பால் மூடினால் மூச்சு முட்டுமோ, மூடாவிட்டால் வெயில் தாக்குமோ என்று நான் மூடுவதும் எடுப்பதுமாக இருந்தேன். மீன் விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நின்று பார்த்தார்.

"தா, இன்னா அது, கொயந்தையோட கண்ணாமூச்சி ஆடிக்கினு நிக்கிறே? மூஞ்சி செவந்து கீது பாரு. இப்டி வா, கூட நெயல்ல நில்லு." தலையிலிருந்த பெரிய கூடையை எடுத்துக் குழந்தைக்குமேல் குடையாகப் பிடித்தார். "வெறும் கூடதான், பயப்படாத. வித்தாச்சு."

மீன் வாடை வீசியது. பஸ் சன்னலில் அக்காவின் முகம் தெரிந்தது. நான் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கூடைக்கு அடியில் போய் நின்றுகொண்டேன். கூடையின் விளிம்பை எட்டிப் பிடித்து இழுக்கப் பார்த்தபடி ராஜி அழுகையை நிறுத்தினாள். பஸ் உறுமியதும், "ஓடு, ஓடு, உட்டுட்டுப் பூடுவான்" என்று அந்த அம்மாளே என்னை முதுகில் தட்டி ஏற்றிவிட்டார். அக்கா வழி நெடுக மூக்கைத் தலைப்பால் மூடிக்கொண்டிருந்தார். இறங்கும்போது, "ஆத்துக்குப் போனதும் தலைக்கு ஊத்திக்கோ" என்றார். கொஞ்சம் கழித்து, "நல்ல மனுஷிதான்" என்றும் சொன்னார்.

அடையாற்றில் ஒரு பங்களாவின் பின்கட்டு காலியாக இருந்தது. மாமரங்கள், கடல் காற்று, கிணற்றில் இளநீர் போன்ற தண்ணீர். சொர்க்கம்தான். "ராத்திரி குழந்தைக்கு ஜுரம் கண்டா டாக்டர் எங்கே?" என்று கேட்டேன். அங்கிருந்த சமையற்காரர் யோசித்துப் பார்த்து, "விடிஞ்சதும் பஸ் வரும்" என்றார். சொர்க்கத்தை விட்டுவிட்டுத் திரும்பினோம். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கும்பகோணம் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிறகு பார்த்த வீடுகளை எல்லாம் விவரிக்கப் போவதில்லை. ரங்கூனில் வீட்டுக்காரன் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். இங்கே வீட்டை நாம் பார்ப்பதற்குமுன் வீடு நம்மைப் பார்க்கிறது. கோத்திரம் என்ன, எத்தனை பேர், நடுநிசியில் குழந்தை அழுமா, கடல் தாண்டினதற்குப் பிராயச்சித்தம் செய்துகொண்டாயிற்றா? ஒரு வீட்டில், "அவர் எத்தனை மணிக்குக் குறட்டை விடுவார்?" என்றுகூடக் கேட்டார்கள். பதில் தெரிந்திருந்தும் எனக்குச் சொல்ல வெட்கமாகப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை மயிலாப்பூர். நாள் நன்றாக இல்லை, சும்மா பார்க்க மட்டும் பார்க்கலாம் என்று அழைத்துப்போனார் அக்கா. மாட வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், கும்பெனி காலத்தில் வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சம்பாதித்த ஒரு துபாஷ் கட்டிய இரண்டு கட்டு வீடு. கதவே ஒரு கப்பல் பலகை கனம் இருக்கும். முற்றத்தைச் சுற்றிலும் கருங்காலி நிறத்தில் மரத்தூண்கள். பச்சையும் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி பதித்த மாடிச் சன்னல்கள். துபாஷின் வம்சம் போய், வீடு இப்போது ஒரு மாமியின் கையில் இருந்தது. கீழே அவர்கள். மாடிப் போர்ஷன் காலி.

"காலின்னு யார் சொன்னா?" என்றார் வீட்டுக்கார மாமி. "வக்கீல் குமாஸ்தா ஆத்துல வராளாக்கும். வியாழக்கிழமை பால் காய்ச்சறா. நமக்கு இருபது வருஷப் பழக்கம்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரங்கூனா? அங்கே நாப்பின்னு என்னமோ அழுகின மீனைத் தின்பாளாமே?"

"தின்பா மாமி. நாங்க இல்லை."

"வாடை வரும் இல்லையோ?"

"வரும். சன்னலைச் சாத்திண்டுடுவோம்."

பதில் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். "வந்தது வந்தே, மாடியைப் பாத்துட்டுப் போ. குடுக்கறதுக்கில்லை" என்றார். அக்கா கீழே ஊஞ்சலில் உட்கார்ந்து காப்பிக்குத் தயாரானார். நான் ராஜியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினேன். மாடிப்படி பட்டப்பகலிலும் இருட்டு. கையால் சுவரைத் தடவிக்கொண்டே போய் மேலே கதவைத் தள்ளினேன்.

தரையெல்லாம் வர்ணம்! கண்ணாடி வழியே வெயில் புகுந்து சிவப்பும் பச்சையுமாகக் கொட்டிக் கிடந்தது. ராஜி என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, ஒரு நீலப் பொட்டைப் பிடிக்கத் தவழ்ந்து போனாள். சன்னலைத் திறந்தால் கோபுரத்தின் உச்சியும் தெப்பக்குளத்தின் ஒரு மூலையும் தெரிந்தன. எங்கிருந்தோ கோவில் மேளம் கேட்டது. மின்சாரம் இல்லை, குழாய் கீழேதான், படி ஏறினால் மூச்சு வாங்கும். இருந்தும், அவருடைய மேஜையை எந்தச் சன்னலருகே போடுவது என்று நான் தீர்மானித்துவிட்டேன். பிறகுதான் வியாழக்கிழமை நினைவுக்கு வந்தது.

ராஜிக்குப் பசி வந்துவிட்டது. கூஜாவில் காலைப் பால் இருந்தது. அந்த வெயிலில் மறுபடி காய்ச்சாமல் கொடுத்தால் வயிற்றுக்கு ஆகாது. கப்பலில் பழகிய ஸ்பிரிட் அடுப்பு எப்போதும் என் பையில் உண்டு. சமையலறை மேடையில் அதை வைத்துப் பற்றவைத்து, கிண்ணத்தில் பாலை ஊற்றி ஏற்றினேன். அப்போது ராஜி மாடிப்படிப் பக்கம் தவழ்வது தெரிந்தது. ஓடிப் போய் அள்ளிக்கொண்டு திரும்புவதற்குள் பால் பொங்கி, மேடையில் வழிந்து, தரையில் சொட்டி, அடுப்பையே அணைத்துவிட்டது.

குழந்தையின் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் வீட்டுக்கார மாமி. மூச்சு வாங்க நின்று தரையையும் என்னையும் பார்த்தார்.

"அடிப்பாவி! பால் காய்ச்சிட்டியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புதிதாகக் குடிவருகிறவள் வேறெதையும் அடுப்பில் ஏற்றும் முன் பால் காய்ச்சிப் பொங்கவிட வேண்டும். யார் பால் பொங்குகிறதோ அவளுக்கு அந்த வீடு. ரங்கூனில் நானே கிழக்கே பார்த்து நின்று செய்ததுதான். குழந்தை அழுத அழுகையில் அது குழந்தையின் பால் என்று மட்டும்தான் தெரிந்தது.

அக்காவும் ஏறி வந்துவிட்டார். "செவ்வாய்க்கிழமையும் அதுவுமா!" என்று தலையில் கை வைத்தார். வீட்டுக்கார மாமி வேலைக்காரியைக் குமாஸ்தா வீட்டுக்கு அனுப்பினார். மறைத்துவைத்து அப்புறம் தெரிந்தால் இருபது வருஷப் பழக்கம் போய்விடும் என்று பயம். அனுப்பிவிட்டு என்னை மூலைக்கு அழைத்தார்.

"இதோ பாரு. அவ வந்து கேப்பா. வெறுமனே சுடவெச்சேன்னு சொல்லிடு. குழந்தைக்குச் சுடவெச்சதுதானே? பொய்யும் இல்லை."

பொய் இல்லைதான். சுடவைக்கத்தான் வைத்தேன். அப்படிச் சொன்னால் ஒரு குடும்பத்தின் வீடு அவர்களுக்கே போகும், மாமிக்கு மனஸ்தாபம் இராது, நான் கும்பகோணத்துக்கு டிக்கெட் வாங்கலாம். பொங்கியது என்று சொன்னால்? உண்மைக்காகச் சொல்கிறேனா, நீலக் கண்ணாடிக்காகச் சொல்கிறேனா? அவர் அருகில் இருந்தால் கேட்டிருப்பேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரை எப்படிக் கேட்பது?

குமாஸ்தாவின் மனைவி வந்தார். உயரமான அம்மாள், இடுப்பில் சாவிக்கொத்து. கோபமாக வருவார் என்று நினைத்திருந்தேன். அவரோ வக்கீல் வீட்டோடு பழகினவராயிற்றே, நேராகச் சாட்சியை விசாரிக்க ஆரம்பித்தார்.

"காய்ஞ்சுதா, பொங்கித்தா?"

வீட்டுக்கார மாமி எனக்குப் பின்னால் தொண்டையைச் செருமினார். ராஜி என் தாலிச்சரட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"பொங்கித்து மாமி. வழிஞ்சு, அடுப்பே அணைஞ்சு போச்சு. குழந்தைக்குத்தான் வெச்சேன். வேணும்னு பண்ணலை."

"வேணும்னு பண்ணினா அது பொங்காது" என்றார் அவர். மேடையின் கீழ் குனிந்து, இன்னும் பிசுபிசுத்த இடத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். எல்லா அறைகளையும் ஒருமுறை சுற்றி வந்தார். சன்னலருகே நின்றார். பிறகு வீட்டுக்கார மாமியிடம், "ஒருத்தி பொங்கவிட்ட அடுப்புல நான் வந்து உலை வைக்கமாட்டேன். எனக்கு வேண்டாம்" என்றார். என்னிடம் கை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார். "இத்தனூண்டு வயிறு. என்ன காரியம் பண்ணிடுத்து பாரு!" என்று அவள் வயிற்றில் செல்லமாக ஒரு குத்து வைத்தார். ராஜி சிரித்தாள்.

படியிறங்கும்போது அவர் அக்காவிடம், "எனக்கும் இந்த இருட்டுப் படின்னா பயம்தான்" என்று சொன்னது கேட்டது. என் மனசு சமாதானமாகட்டும் என்று சொன்னாரா, நிஜமாகவே பயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று இரவெல்லாம் புரண்டு புரண்டு யோசித்தேன்.

வீட்டுக்கார மாமி மேடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பால் பொங்கினவளை வெளியிலே அனுப்பினா என் குடும்பத்துக்கு ஆகாது" என்றார் கடைசியில். "ஆனா சொல்லிட்டேன். நாப்பி என் ஆத்து வாசல்படி ஏறப்படாது."

"செவ்வாய்க்கிழமைன்னு..." என்று நான் இழுத்தேன்.

"வாயை மூடுடி!" என்று அக்கா என் கையைக் கிள்ளினார். "ஆனி மாசம்தானே? அது போறும்."

ஆடி பிறப்பதற்கு முன்னால் குடிவந்துவிட்டோம். சாயபு தம் வண்டியில் பாயும் அரிசிப் பானையும் பெட்டிகளும் ஏற்றிவந்து, இருட்டுப் படியில் தாமே சுமந்து ஏற்றினார். மேலே வந்ததும் கண்ணாடிகளைப் பார்த்து, "கோட்டை கெடைச்சுட்டுதும்மா" என்றார். விறகு அடுக்கவும், தொட்டில் கட்டவும், எங்கே எண்ணெய் நல்லது, எந்தக் காய்க்காரி அளவில் குறைக்கமாட்டாள் என்று தெரிந்துகொள்ளவுமாகப் பொழுது ஓடியது. காலையில் கோவில் மணியோடு எழுந்து, இது நான் எடுத்த வீடு என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு ஓடும். அவருக்குப் பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பும் அதன் பின்னாலேயே ஓடிவரும்.

ஆடியில் ஒரு நாள் அவர் கப்பல் வந்தது. அக்காவின் கணவர் போய் அழைத்துவந்தார். வாசலிலேயே நான் எல்லாக் குறையையும் ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டேன். படி இருட்டு, மின்சாரம் இல்லை, தண்ணீர் கீழேயிருந்துதான் தூக்க வேண்டும், தியாகராய நகரில் இதைவிட நல்ல வீடு இருந்தது, நீங்கள் சொன்னால் ஆவணியில் மாற்றிக்கொள்ளலாம், உங்களைக் கேட்காமல் எடுத்துவிட்டேன். அவர் படியேறினார். மேல் கதவைத் தள்ளி, வர்ணம் கொட்டிக் கிடந்த தரையைப் பார்த்து ஒரு கணம் செருப்பில்லாத காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். பிறகு நடந்தார். அறை அறையாகப் போனார். சன்னலைத் திறந்தார், மூடினார். ராஜி முதலில் அவரைத் தெரியாதவள்போல் முறைத்துவிட்டு, அப்புறம் காலைக் கட்டிக்கொண்டாள்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். அவர் கப்பல் அழுக்குப் படிந்த சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நாலு சுவரையும் பார்த்தார்.

"நம்மாத்துல சட்டையை எங்கே மாட்டறது?" என்றார்.

"இப்படிக் குடுங்கோ" என்று கையை நீட்டினேன்.